கோடை விடுமுறையும் ஐக்கியப் பந்தியும்



கத்திரி வெயில் ஒருவழியாக முடிந்துவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளியும் நிறைவுற்றது. கொளவாய் ஏரிப் பக்கமிருந்து மாலையில் சற்றே காற்று வரத் தொடங்கியிருக்கிறது. இந்நாள்களில் என்னிடம் வரும் பெற்றோர் பலர் ஒரே குறையைத்தான் சொல்லுகிறார்கள்: "ஐயா, பையன் வீட்டில் தங்குவதே இல்லை. சனிக்கிழமையானால் நண்பர்களோடு மாமல்லபுரம். இரவானால் பரோட்டாக் கடை. அதற்குமேல் தொலைக்காட்சியில் கால்பந்து. நீங்கள் ஆலயத்தில் நாலு வார்த்தை சொல்லக்கூடாதா?"

சொல்லுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கும் நாலு வார்த்தையாக அது இருக்காது.

நம் ஆண்டவரைக் குறித்து அவருடைய காலத்தார் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, அவர் போஜனப்பிரியர் என்பது. மத்தேயு 11:19ஐத் திறந்து பாருங்கள். லேவியின் வீட்டில் விருந்து, சகேயுவின் வீட்டில் தங்கல், கானாவூரில் கலியாணம் என்று, சுவிசேஷங்களில் அவர் பந்தியில் அமர்ந்திருந்த இடங்களை நீக்கிவிட்டால் மீதி மிகவும் குறைந்துபோகும். உயிர்த்தெழுந்த பின்னும் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்து, இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்த நண்பர்களைக் காலை உணவுக்கு அழைத்தார். அன்று வலையில் அகப்பட்ட மீன்கள் 153 என்று யோவான் எண்ணிக்கை தவறாமல் எழுதி வைத்திருக்கிறார். மாமல்லபுரத்துக் கரையில் அடுப்பின்முன் நின்று வறுத்த மீனுக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளைக் காணும்போது அந்த 21ஆம் அதிகாரமே என் நினைவுக்கு வருகிறது. அவர்களைக் கண்டிக்க எனக்கு நா எழவில்லை.

கால்பந்தைக் குறித்தும் அப்படியே. 2022 டிசம்பர் 18, ஞாயிறு இரவு, நம் கீத பவனிக் குழு ஒரு வீட்டு வாசலில் பாடிக்கொண்டிருந்தபோது உள்ளே தொலைக்காட்சியில் அர்ஜென்டினாவும் பிரான்சும் 3-3 என்று நின்றிருந்தன. வீட்டார் மரியாதைக்காக ஒலியை மட்டும் குறைத்திருந்தார்கள். ஜெபம் செய்ய வேண்டிய உங்கள் ஆயர் ஒரு கண்ணைத் திறந்துதான் ஜெபித்தார் என்பதை இப்போது அறிக்கையிடுகிறேன். பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா வென்றபோது முதலில் கைதட்டியவர் நம் மூத்த ஆல்டோ பாடகர்தான், நான் அல்ல.

ஆகவே விளையாட்டும் விருந்தும் பாவம் என்று நான் எழுதப்போவதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் அறையில் கைப்பேசிக்குள் தலையைக் கவிழ்த்திருக்கும் இக்காலத்தில், பத்துப் பேர் ஒரே கூடத்தில் தோளோடு தோள் நெருங்கி அமர்ந்து ஒரே பந்தைப் பார்ப்பதை நான் நன்மையாகவே எண்ணுகிறேன். என் மனத்தை வருத்துவது வேறொன்று. அதைச் சொல்ல என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்ட தம்பி இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறார். எழுதிக்கொள்ளுங்கள் என்று அவரே அனுமதி தந்தார்.

அது 2018ஆம் ஆண்டு. ரஷ்யாவில் உலகக் கோப்பை ஜூன் 14 அன்று தொடங்கியது. அதே நாளில்தான் இங்கே 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் முடிந்தது. 16ஆம் தேதி சனிக்கிழமை நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திருக்கழுக்குன்றம் வழியாக இருசக்கர வாகனங்களில் மாமல்லபுரம் சென்று, மீன் வறுவலும் சோறும் உண்டு, மாலை 6.30 மணி ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அர்ஜென்டினாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஆட்டம். ஏறத்தாழ மூன்றரை லட்சம் மக்களே உள்ள ஒரு தேசம். அதன் கோல்காப்பாளர் திரைப்படம் இயக்குபவர், பயிற்சியாளர் பல் மருத்துவர்! மெஸ்ஸி அடித்த பெனால்டியை அந்தக் கோல்காப்பாளர் தடுத்தபோது கூடத்தில் எழுந்த கூக்குரல் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

நானும் அங்கே சற்று நேரம் அமர்ந்திருந்தேன். வாசலோரம் ஒரு தம்பி உட்கார்ந்திருந்தார். "நீ கடற்கரைக்குப் போகவில்லையா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா, இன்று உபவாசம்" என்றார். அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளிலும் அவர் அப்படியே சொன்னதாக மற்றவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்கு உள்ளம் பூரித்தது. மறுநாள் பிரசங்கத்தில், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படியாக, நண்பர்கள் உண்டு களிக்கும் நாளில் உபவாசிக்கும் ஒரு வாலிபர் நம் சபையில் இருக்கிறார் என்று புகழ்ந்தேன்.

திங்கட்கிழமை அவருடைய தாயார் குருமனைக்கு வந்தார். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையின் சமையற்கூடத்தில் வேலை பார்ப்பவர், கணவர் இல்லை. "ஐயா, அவன் சனிக்கிழமை மதியம் வீட்டில்தான் சாப்பிடுகிறான். நானே சோறு போட்டேன். நீங்கள் உபவாசம் என்கிறீர்களே?" என்று கேட்டார். கேட்டு முடிக்கும்முன்னே அவருக்கே விளங்கிவிட்டது. வெளியில் சாப்பிடுவதற்கு ஆளுக்கு இருநூறு ரூபாயாவது வேண்டும். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் ஐயா. அதனால்தான் கேட்கவில்லை."

பொய்யை நான் பிரசங்க பீடத்தில் ஏற்றி வைத்துவிட்டேன். அந்தத் தம்பி இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் காப்பாற்றியாக வேண்டிய நிலைக்கும் தள்ளிவிட்டேன்.

அன்று இரவு 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தை வாசித்தேன். திருவிருந்து ஆராதனைதோறும் 23ஆம் வசனத்திலிருந்து நாம் வாசிப்பது வழக்கம். அதற்கு முன்னிருக்கும் வசனங்களை நான் விரைந்து கடந்துவிடுவேன். அங்கே பவுல் கோபப்படுவது எதற்காக? கொரிந்து சபையார் உண்டதற்காக அல்ல. கூடி வந்த இடத்தில் கையில் உள்ளவன் தன்னுடையதை முந்தி உண்கிறான். ஒன்றுமில்லாதவன் பசியோடும் வெட்கத்தோடும் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்காகவே கோபப்படுகிறார். அப்படி நடந்தால் அது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். இதை நான் கொரிந்தில் தேடிக்கொண்டிருந்தேன். அது மாமல்லபுரம் சாலையில் இருந்தது.

நான் அந்தத் தம்பியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை உணவகம் வேண்டாம், படகிலிருந்து இறங்கும் மீனை வாங்கி வாருங்கள், குருமனையில் சமைப்போம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். கூட்டாளிகள் எல்லாரும் இதை மகிழ்ச்சியோடு ஏற்றார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆயர் நம் சனிக்கிழமையையும் பிடுங்கிக்கொண்டார் என்று இருவர் மனத்தாங்கலோடு விலகிவிட்டார்கள். அவர்களை இன்றுவரை என்னால் திரும்பச் சேர்க்க இயலவில்லை. மற்றவர்கள் ஃபைபர் படகுக்காரர்களிடம் சங்கராவும் நெத்திலியும் வாங்கி வந்தார்கள். மொத்தச் செலவு முன்பு மூன்று பேருக்கு ஆனதைவிடக் குறைவு. ஜூலை 15, ஞாயிறு இரவு 8.30க்கு இறுதி ஆட்டம்; மாலை ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் குருமனைக் கூடத்தில் தரையில் அமர்ந்தோம். பிரான்ஸ் 4, குரோவேஷியா 2. குழம்பு சற்றே உப்புக் கரித்தது. அந்தத் தம்பி அன்று உபவாசம் என்று சொல்லவில்லை.

இப்போது மீண்டும் உலகக் கோப்பை வருகிறது. ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும் 48 அணிகள், 104 ஆட்டங்கள். நேர வித்தியாசத்தால் நமக்குப் பெரும்பாலும் நள்ளிரவும் விடியற்காலையுமாகவே இருக்கும். ஜூன் 14 ஞாயிறு அதிகாலை 3.30க்குப் பிரேசிலும் மொராக்கோவும் ஆடுகின்றன, காலையில் ஆராதனை. குருசேகரக் குழுவில் சிலர் இதைக் குறித்துக் கவலை தெரிவித்தார்கள். என் கருத்து இது: தூக்கக் கண்ணோடு வந்தாலும் வாருங்கள். துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் அமர்ந்து தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் அவனைக் கடிந்துகொண்டதாக லூக்கா எழுதவில்லை. அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டு, மேலே போய் அப்பம் பிட்டு உண்டு, விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார் என்றே எழுதுகிறார். நம் ஆலயத்தில் மாடி இல்லை. ஆகையால் பயமின்றித் தூங்கலாம்.

இரண்டு காரியங்களில் மட்டும் நான் இளகமாட்டேன். ஆட்டத்தின்மேல் பணம் வைப்பதை, அது கைப்பேசிச் செயலியானாலும் நண்பர்களுக்குள்ளான பத்து ரூபாயானாலும், செய்யாதீர்கள். சிலுவையடியில் சேவகர் அங்கிக்குச் சீட்டுப் போட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, மாமல்லபுரத்துக் கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். கரையில் அமைதியாகத் தெரியும் அந்த அலைக்கு அடியில் இழுப்பு உண்டு. எச்சரிக்கைப் பலகையை விளையாட்டாக எண்ணிய பிள்ளைகளின் வீடுகளில் அடக்க ஆராதனை நடத்தியிருக்கிறேன். அந்தத் தாய்மாரின் முகங்களை மீண்டும் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை யாரோடு போகிறான் என்று கேட்கிறீர்கள்; நல்லது. யார் வரவில்லை என்றும் கேளுங்கள். "வயிறு சரியில்லை" என்றும், "வீட்டில் வேலை இருக்கிறது" என்றும், "உபவாசம்" என்றும் சொல்லி நின்றுவிட்ட நண்பன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும்.

ஜூன் 13 சனிக்கிழமை மாலை குருமனைக் கூடத்தில் பாய் விரிக்கப்படும். இரவு ஆட்டங்களும் உண்டு. தடைக்காலம் மறுநாள் இரவுதான் முடிகிறது. ஆகவே வஞ்சிரத்தை எதிர்பார்க்க வேண்டாம், கிடைக்கும் மீன்தான். வாசலில் மூடியில் துளையிட்ட தகரப் பெட்டி ஒன்று இருக்கும். இயன்றவர் இயன்றதைப் போடலாம், யார் போட்டார் யார் போடவில்லை என்று யாரும் பார்க்கப்போவதில்லை. அரிசி கொண்டுவர முன்வருவோர் வெள்ளிக்கிழமைக்குள் என் துணைவியாரிடம் சொல்லுங்கள். உப்பு நான் போடப்போவதில்லை.