ஸ்டிக்கருக்குக் கீழே என்ன ஸார்?

டி.என். 06 என்று நம்பர் பிளேட் ஆரம்பித்தால், அது மந்தைவெளி ஆர்.டி.ஓ. கணக்கில் இருக்கிற வண்டி. அந்த நம்பர் பிளேட்டைத் தாங்குகிற பம்பர் கம்பெனி போட்டதா, மொட்டை மாடியில் செய்ததா? உங்களுக்குத் தெரியாது. ஆர்.டி.ஓ.வுக்கும் தெரியாது. ஆட்டோ, லாரிக்கெல்லாம் எஃப்.சி. உண்டு. சொந்த உபயோகக் காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற பதினைந்தாவது வருஷம் வரைக்கும் அந்தத் தொல்லை கிடையாது.

இந்த இடைவெளியில்தான் நம்ம பசங்க புகுந்து விளையாடுகிறார்கள். மோல்டு எடுத்து, ஃபைபர் பாயை விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூசினால் ஸ்பாய்லர் ரெடி. கொஞ்சம் மெனக்கெட்டால் முழு பம்பரே ரெடி. அந்தக் கைத்திறமைக்கு ஒரு சலாம். கிண்டல் இல்லை, நிஜமாகவே.

சண்டை அதற்கு மேல் ஒட்டுகிற வினைலோடுதான். அதிலும் கார்பன் ஃபைபர் டிசைன்! ரேஸ் காரில் கார்பன் ஃபைபர் போடுவது எடை குறைய, பலம் கூட. நம்ம ஆள் சாதா ஃபைபர் மேல் கார்பன் படத்தை ஒட்டுகிறார். நான் படித்தது பி.காம். எங்க பாஷையில் இதற்குப் பேர் ‘விண்டோ டிரெஸ்ஸிங்’. கணக்கில் செய்தால் ஆடிட்டர் மாட்டுவார். காரில் செய்தால் லைக் விழுகிறது.

அந்த வினைல் சுமார் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கனம். ஹீட் கன்னில் சூடு காட்டினால் இழுத்த இழுப்புக்கு வரும். அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் மேற்பரப்பை மட்டும் பட்டி பார்த்து, தேய்த்து, வழுவழுவென்று ஆக்குகிறார்கள். உள்ளே எத்தனை அடுக்கு, ரெசின் இறுகியதா, காற்றுக் குமிழி இருக்கா, எத்தனை போல்ட்டில் தொங்குகிறது... எல்லாம் ஸ்டிக்கருக்குக் கீழே சமாதி. பெயின்ட்டாக இருந்தால் விரிசல் விட்டதும் கூடவே வெடித்துத் தெரியும். வினைல் இழுத்துப் பிடித்து மூடிவிடும்.

கம்பெனி பம்பர் இடித்தால் வளையும். அதற்குப் பின்னால் குறுக்குச் சட்டம் இருக்கும். பல கார்களில் தெர்மாகோல் மாதிரி ஒரு மெத்தையும் இருக்கும். வீட்டு ஃபைபர் வளையாது. உடைந்து சிராய் சிராயாக நீட்டும். ஆர்.கே. மடம் சாலையில் பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்கே வருகிற பாட்டியின் முழங்காலில் முதலில் படப்போவது அதுதான். வண்டி உங்க சொந்தம், சரி. முழங்கால்?

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த அசல் அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதே வருஷத் திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே.

ஆனால் தெருவில் மாட்டுவது எது? ஸ்டிக்கர்! 2012-ல் கறுப்பு ஃபிலிமைக் கிழித்தார்கள். 2024 மே மாதம் ‘பிரஸ்’, ‘போலீஸ்’ என்று ஒட்டிய வண்டிகளுக்குச் சென்னை போலீஸ் 500 ரூபாய் அபராதம் என்றது. பத்திரிகைக்காரனாகவே இரண்டையும் ஆதரிக்கிறேன். ஆனால் ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, அதன் கீழே தட்டிப் பார்க்கத் தெரியாதா?

ஜெர்மனியில் இப்படிச் சொந்தமாகச் செய்த பாகத்தைப் பரிசோதகரிடம் காட்டி, வண்டிக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டுதான் ரோட்டுக்கு வர வேண்டும். நாம் ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். மந்தைவெளியில் வாரம் ஒரு நாள் போதுமே. வினைல் ஒட்டும் முன் கொண்டு வா, குறுக்குச் சட்டத்தைக் கழற்றியிருக்கிறாயா காட்டு, ஆர்.சி.யில் ஒரு வரி எழுது. லஞ்சம் புகும் என்பீர்கள். புகலாம். இப்போது லஞ்சம் வாங்கக்கூட யாரும் குனிந்து பார்ப்பதில்லையே!

அதுவரைக்கும், செகண்ட் ஹாண்ட் கார் பார்க்கப் போகிறவர்கள் விரலை மடக்கி பம்பரைத் தட்டுங்க. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாற்றத்தைச் சொன்னீங்களா என்று கேளுங்க; சொல்லாமல் விட்டதைக் காட்டி க்ளெய்மை மறுக்க முடியும். ஸ்டிக்கரை ஓர் ஓரமாக உரித்துக் காட்டச் சொல்லுங்க. தயங்கினால், அடுத்த வண்டியைப் பாருங்க.