காய் வெந்த நீர்

தில்லியின் காய்கறி அங்காடியில் பீர்க்கங்காய்க்குத் ‘தோரி’ என்று பெயர். சுரைக்காய் அங்கே ‘லௌக்கி’. பெயர் வேறாயினும் காய் ஒன்றே. ஆனால் வீட்டில் சமைத்து முடித்தபின் எல்லாக் காய்களுக்கும் ‘சப்ஜி’ என்னும் ஒரே பெயர் அமைந்துவிடுகிறது. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இச்சொல் இயல்பாக வழங்குகிறது. அதில் குற்றமில்லை, இந்தியிலும் பர்த்தா, சாக் எனத் தனிப்பெயர்கள் உண்டு. எனினும் பொரியல், கூட்டு, மசியல், அவியல், வறுவல், துவையல் ஆகிய சொற்கள் நாவிலிருந்து நழுவும்போது, எந்தக் காயை எவ்வாறு சமைப்பது என்னும் அறிவும் உடன் நழுவுகிறது. அவை ஒவ்வொன்றும் ஒரு செய்முறையின் பெயர்.

வைட்டமின் சியும் பி வகை வைட்டமின்களும் நீரில் கரைபவை. முட்டைக்கோஸை நறுக்கி, பாத்திரம் நிறைய நீரூற்றிக் கொதிக்கவிட்டு, பின்னர் அந்நீரை வடித்துக் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. காசு கொடுத்து வாங்கிய சத்தில் ஒரு பகுதி சாக்கடைக்குச் செல்கிறது. பொரியல் செய்பவர் அவ்வாறு செய்வதில்லை. சிறிது எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, முன்பே கழுவி நறுக்கிய கோஸை இட்டு, கையால் நீர் தெளித்து மூடிவைப்பார். கோஸ் தன்னிடமுள்ள நீரிலேயே பத்து நிமிடத்தில் வெந்துவிடும். கூட்டிலும் நீர் வீணாவதில்லை. காய் வெந்த நீர் பருப்போடு கலந்து உணவாகிறது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராகவே உள்ள சுரைக்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் இம்முறையே பொருந்தும். பீர்க்கங்காயின் தோலையும் எறிய வேண்டியதில்லை. வதக்கி அரைத்தால் துவையல்.

நீரை வடிப்பதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. சேனைக்கிழங்கில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. நாக்கு அரிப்பது அவற்றால்தான். அதனைப் புளி சேர்த்து நன்றாக வேகவைத்து, நீரை வடித்தே உண்ண வேண்டும். கேரட்டின் கதை வேறு. அதிலுள்ள பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. ஆதலால் பச்சையாகக் கடிப்பதைவிடச் சிறிது எண்ணெயில் வதக்கி உண்டால், உடல் அதனை எளிதில் ஏற்கும்.

பிரஷர் குக்கரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவோர் உளர். அதனுள் வெப்பநிலை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை உயரும். தோலோடு கூடிய உருளைக்கிழங்குக்கும் பீட்ரூட்டுக்கும் அது நன்று. வெண்டைக்காயை அதில் இடுவது கொடுமை! கீரைக்கும் அது வேண்டாம். திறந்த பாத்திரத்தில் சில நிமிடம் வெந்தால் கீரையின் பச்சை நிறம் மாறாது. நிறத்துக்காகச் சமையல் சோடா சேர்ப்பது வைட்டமின்களை அழிக்கும் செயல்.

பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் வீட்டில் இத்தனைக்கும் நேரமேது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நேரம் பெரும்பாலும் நறுக்குவதில் செல்கிறதேயன்றி வேகவைப்பதில் அன்று. பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைகள் அவரையையும் பட்டாணியையும் உரித்து வைக்கலாம். கீரையை ஆய்ந்து வைக்கலாம். ‘ஆய்தல்’ என்னும் சொல்லின் பொருளும் அப்போது கைக்குப் புலப்படும்.

குளிர்காலத்தில் தில்லியில் முள்ளங்கி இலையோடு விற்பனைக்கு வருகிறது. கிழங்கு சாம்பாருக்குச் சென்றுவிடும். இலையைக் கடைக்காரரிடமே கிள்ளிப் போட்டுவிட்டு வருவோர் பலர். பாசிப்பருப்பு சேர்த்தால் அதுவும் நல்ல பொரியல். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவைக் கேட்டால், அவரிடமும் அவ்விலைக்கு ஒரு செய்முறை இருக்கும்.