நனைந்த ஸ்பீக்கரை வீசாதீர்கள்! சுவிட்சையும் போடாதீர்கள்!

ஏரி நிரம்பினால் ஊருக்கு மகிழ்ச்சி. ஆனால், மழைத் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால்?

ஆவடி - பூந்தமல்லி சாலையில் உள்ள பருத்திப்பட்டு, ஏரியை ஒட்டிய ஊர். 2015 டிசம்பரிலும், 'மிக்ஜாம்' புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையும் புறநகரங்களும் வெள்ளத்தில் தத்தளித்தன. இத்தகைய வெள்ளம் வடிந்ததும் தெருவுக்கு வருபவை என்ன? மெத்தை, டெலிவிஷன், ஸ்பீக்கர் பெட்டிகள்!

ஸ்பீக்கர் நனைந்ததுமே குப்பைக்குப் போக வேண்டுமா? வேண்டியதில்லை. தண்ணீர் கெடுப்பதைவிட, நம் அவசரம் கெடுப்பதே அதிகம் என்பது என் கருத்து.

அவசரம் ஆபத்து

"பாடுகிறதா, பார்ப்போம்" என்று உடனே சுவிட்சைப் போடுவார்கள். அதுதான் பெரிய தவறு. வெள்ளத் தண்ணீரில் சேறும் உப்பும் கலந்திருக்கும். அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். போகக்கூடாத வழியில் மின்சாரம் பாய்ந்து, உள்ளே உள்ள பாகங்கள் கருகிவிடும். தொட்டவர் உயிருக்கும் ஆபத்து!

பொருளைவிட உயிர் பெரிது. தரையில் தண்ணீர் நிற்கும்போது, ஈரக் கையோடு மெயின் சுவிட்சையும் தொடாதீர்கள். மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

எது பிழைக்கும்?

ஸ்பீக்கரின் பின்னால் காந்தம் இருக்கிறது. அது நனைவதால் எளிதில் கெடாது. காந்தத்தின் நடுவே, மெல்லிய இடைவெளியில் கம்பிச் சுருள் அசைகிறது. அங்கே சேறோ துருவோ சேர்ந்தால் ஒலி கரகரக்கும். முன்னால் இருக்கும் காகிதக் கூம்பு ஊறினால் உருமாறும். மரத்தூளை அழுத்திச் செய்த பெட்டி, பிஸ்கட் போல ஊறி உதிரும். பிளைவுட் பெட்டி அதைவிடத் தாங்கும்.

உலர்த்துவது எப்படி?

முதலில் எல்லா வயர்களையும் கழற்றுங்கள். பெட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடியுங்கள். திருகாணிகளைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். உள்ளே பஞ்சு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். சேற்றை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாக ஒற்றி எடுங்கள். காகிதக் கூம்பைத் தேய்க்காதீர்கள்.

வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் பசை விட்டுப்போகும், கூம்பு கோணும். நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒரு வாரமாவது இருக்கட்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு சோதனை. ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலிருந்து வரும் கம்பிகளை, ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால், சுருள் அறுந்துபோகவில்லை. பிறகு விரல்களால் கூம்பை மெல்ல அழுத்துங்கள். உரசினால் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். கூம்பையும் சுருளையும் மட்டும் புதிதாக மாற்றிக் கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை! ஹோம் தியேட்டர் போல ஆம்ப்ளிபயர் உள்ளேயே அமைந்த பெட்டியை நீங்கள் திறக்கக் கூடாது. வயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

பெட்டி உதிர்ந்து, பழுதுபார்க்கும் செலவு புதிய விலையை எட்டினால் ஆசையை விட்டுவிடுங்கள். அப்போதும் ஏரிக்கரையில் எறியாமல், மின்னணுக் கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள்.

பொதுவாக, தண்ணீரால் வந்த சேதத்துக்கு வாரண்டி அட்டை கைகொடுக்காது. ஆகவே வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே, அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்பீக்கர்களை மேஜைக்கோ பரணுக்கோ ஏற்றிவிடுங்கள். காசில்லாத காப்பு இதுதான்!

அதையும் மீறி நனைந்துவிட்டதா? பொறுங்கள். பதறாத காரியம் சிதறாது!