பத்தாம் வகுப்பில் மட்டும் விழிக்கும் அக்கறை

பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் தலைமையாசிரியர் அறைகளில் ஒரு வகைக் கோப்பு நடமாடத் தொடங்கும். வாசிப்பதில் சிக்கல் தரும் டிஸ்லெக்சியா இருப்பதாக மருத்துவக் குழு தந்த சான்றிதழ், பெற்றோரின் விண்ணப்பம், பள்ளியின் பரிந்துரை எல்லாம் சேர்ந்து தேர்வுத் துறைக்குப் போகும். கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு எனச் சலுகைகள் வந்துசேரும். தமிழ்நாடு இவற்றைப் பல ஆண்டுகளாக வழங்கிவருகிறது. அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால், பதினைந்து வயதில் இத்தனையும் தேவைப்படுகிற பிள்ளைக்கு எட்டு வயதில் எதுவுமே தேவைப்படவில்லையா?

தேவைப்பட்டது. கிடைக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தவை ‘சோம்பேறி’, ‘கவனமில்லை’ என்ற பட்டங்களும், மாலையில் ஒரு டியூஷனும், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு டியூஷனும்தான்.

சட்டம் இந்தத் தாமதத்துக்கு இடம் கொடுக்கவே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 16-வது பிரிவு, கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்கச் சொல்கிறது. பள்ளிக் குழந்தைகளிடையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும், முதல் கணக்கெடுப்பைச் சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 17-வது பிரிவு. நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். ஒன்றிய அரசு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர்களே முதற்கட்டமாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இன்னும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அதே வழிகாட்டுதலில் இன்னொரு விதியும் உண்டு. எட்டு வயதுக்கு முன் சான்றிதழ் தரக் கூடாது. தந்த பிறகு 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும். வாசிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை என்பதால் இந்த எச்சரிக்கை நியாயமானதே. பள்ளிகள் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் கோளாறு. ‘சான்றிதழ் கிடையாது’ என்றது அவர்கள் காதில் ‘உதவி கிடையாது’ என்று விழுந்திருக்கிறது. வினாவை வாய்விட்டுப் படித்துக்காட்டுவதற்கும், கரும்பலகையில் இருப்பதில் பாதியை மட்டும் எழுதவிடுவதற்கும், பதிலை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடுவதற்கும் எந்த மருத்துவக் குழுவின் கையெழுத்தும் வேண்டியதில்லை.

சான்றிதழே எல்லாம் என்ற மனப்பான்மையை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ பாதிப்புள்ள ஒரு தேர்வருக்கு, 40 சதவீதக் குறைபாடு என்ற வரம்புக்குள் வரவில்லை என்று சொல்லி, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் எழுத்தரை மறுத்தது. அந்த வரம்பு இடஒதுக்கீடு போன்றவற்றுக்கு உரியது, தேர்வறையில் தேவையான வசதியைச் செய்துதர அது தடையாகாது என்று 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு வழக்கு. எழுதுவதில் சிக்கல் உள்ள ‘டிஸ்கிராஃபியா’ மாணவி ஒருவருக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. அது அவருடைய உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. தேர்வறையில் பறிபோன நேரத்தை எந்தத் தீர்ப்பாலும் முழுதாகத் திருப்பித் தர முடிவதில்லை.

சட்டத்திலேயே ஓட்டைகள் இருப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, கவனச் சிதறலும் மிகைத் துறுதுறுப்பும் கொண்ட ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஒரு நிமிடம்கூட இருக்கையில் உட்கார முடியாத பையன் வீட்டில் ‘வாலு’, பள்ளியில் ‘ஒழுங்கீனம்’. ஒரே இடத்தில் வெறித்தபடி கனவில் மிதக்கும் பெண் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். அவள் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இதற்கான வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறது. எந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும். வகுப்பில் மற்றவர்கள் மலருக்குப் போன பிறகும், நன்றாகப் பேசுகிற, கதை சொல்கிற, மனக்கணக்குப் போடுகிற ஒரு பிள்ளை வாசிப்பில் மட்டும் அரும்பிலேயே நின்றால், அதைவிடத் தெளிவான அறிகுறி வேறு என்ன வேண்டும்? அந்தத் தகவல் மதிப்பீட்டோடு முடிந்துவிடாமல் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் போய்ச்சேர வேண்டும்.

எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் ஆசிரியர்களுக்குத் தமிழை வைத்தே சொல்லித்தர வேண்டும். டிஸ்லெக்சியா என்றதும் ஆங்கில எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவதைத்தான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். தமிழில் சிக்கல் வேறு இடங்களில் முளைக்கும். ‘கெ’ என்பதில் மெய் ஒலி முதலில் வருகிறது, ஆனால் கண் முதலில் பார்ப்பது கொம்பை. ‘கொ’ எழுத, எழுத்தின் இரு பக்கமும் குறி போட வேண்டும். ண, ன, ந; ல, ள, ழ; ர, ற என்று காதுக்கு நெருக்கமாக ஒலிக்கும் கூட்டங்கள் வேறு. எல்லாப் பிள்ளைகளும் இங்கே தடுமாறுவார்கள். மூன்றாம் வகுப்பு முடிந்தும் தடுமாற்றம் தீராதபோதுதான் கவலைப்பட வேண்டும்.

இனி, பெரும்பாலும் பேசப்படாத பாதிக்கு வருவோம். அபாரத் திறமையும் கற்றல் சிக்கலும் ஒரே பிள்ளையிடம் இருக்கக்கூடும். அப்போது இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். திறமையால் சமாளித்துச் சமாளித்து 55, 60 மதிப்பெண் வாங்கிவிடுவதால் சிக்கல் தெரியாது. சிக்கலால் 95 வராததால் திறமையும் தெரியாது. மதிப்பெண் பட்டியலில் அது ஒரு சராசரி மாணவர். கற்றல் குறைபாடு என்பது அறிவுக் குறைவு அல்ல என்பதற்கு 2018 வழிகாட்டுதலே சாட்சி: அந்தச் சான்றிதழுக்கு நுண்ணறிவு ஈவு 85-க்கு மேல் இருந்தாக வேண்டும் என்றது அது.

திறமையைத் தேடும் நமது ஏற்பாடுகளோ எல்லாமே எழுத்துத் தேர்வுகள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு, ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, அதற்குப் பிறகு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. எல்லாவற்றிலும் அச்சிட்ட வினாவை வேகமாகப் படித்து, குறித்த நேரத்துக்குள் விடை குறிக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரை இவை கைதூக்கிவிட்டிருக்கின்றன என்பதில் சந்தேகமில்லை. மெதுவாகப் படிக்கும் கணித மேதை ஒருவர் இவற்றில் ஒன்றிலும் சிக்கமாட்டார் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

கும்பகோணத்தில் இது ஒருமுறை நடந்தது. 1904-ல் உதவித்தொகையோடு அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் ஆங்கிலத்தில் தோற்று அந்தத் தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் தேறவில்லை. அவருக்கு இன்றைய மருத்துவப் பெயர் எதையாவது சூட்டிப் பார்க்கும் ஆசை சிலருக்கு உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது, தேவையும் கிடையாது. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் உதவி என்ற விதி அன்று யாரை வெளியே தள்ளியது என்பது மட்டும் நமக்குப் போதும்.

சலுகைகளைப் பரவலாக்கினால் போலிச் சான்றிதழ்கள் பெருகும் என்று ஒரு வாதம் உண்டு. புறந்தள்ளக்கூடிய வாதமல்ல. ஆனால் போலிக்கு ஆசை வருவதே சலுகை முழுவதையும் பொதுத்தேர்வில் கொண்டுபோய்க் குவித்து வைத்திருப்பதால்தான். மூன்றாம் வகுப்பில் வாய்மொழித் தேர்வு வாங்குவதற்காக யாரும் பொய் சொல்லப்போவதில்லை. முதல் வகுப்பிலிருந்து என்ன சிக்கல், என்ன உதவி, என்ன முன்னேற்றம் என்ற பதிவு பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான ‘எமிஸ்’-ல் ஆண்டுதோறும் ஏறிவந்தால், பத்தாம் வகுப்பில் திடீரென முளைக்கும் சான்றிதழ் தானாகவே கண்ணில் உறுத்தும்.

வீடுகளிலும் மாற வேண்டியது இருக்கிறது. ‘அவங்க அப்பாவும் இப்படித்தான், லேட்டாத்தான் பேசினார்’ என்ற ஆறுதல் பல பிள்ளைகளின் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தின்றிருக்கிறது. பெண் பிள்ளை என்றால் நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகிவிடும் என்று பரிசோதனையையே தவிர்ப்பவர்கள் உண்டு. இவர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயங்குவதும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருப்பதும் சென்னையைச் சுற்றியுள்ளவர்களுக்குக் கைக்கெட்டும் வசதி. தொலைவில் திருவாடானையில் இருக்கும் தாய் யாரிடம் போவார்? ‘உங்கள் பிள்ளைக்கு எங்கள் பள்ளி சரிப்படாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று நாசூக்காகச் சொல்லும் தனியார் பள்ளிகள் இருக்கும்வரை பெற்றோர் மறைக்கத்தான் செய்வார்கள்.

திருவாடானைத் தாய்க்கு அரசு அனுப்பக்கூடிய ஒரே ஆள் சிறப்புப் பயிற்றுநர். அவரோ ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் தொகுப்பூதியம் வாங்குபவர். பல பள்ளிகளுக்கு ஒருவராக அலைபவர். தேசியக் கல்விக் கொள்கை மோதலில் 2024-25-ல் அந்த நிதி நிறுத்தப்பட்டபோது அவருடைய ஊதியமும் அரசியலில் மாட்டிக்கொண்டது. தொடக்க நிலையில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021-லேயே வலியுறுத்தியது. நிரந்தரப் பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. டெல்லியிலிருந்து பணம் வராததைச் சுட்டிக்காட்டும் உரிமை தமிழ்நாட்டுக்கு உண்டு. அதற்காகப் பணியிடங்களைத் தள்ளிப்போடும் உரிமை இல்லை.

அரசு உடனே செய்யக்கூடியவை உண்டு. 17-வது பிரிவு கேட்கும் கணக்கெடுப்பு மாவட்டவாரியாக எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெள்ளை அறிக்கையாக வெளியிட வேண்டும். வகுப்பறை உதவிக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்த வேண்டும். திறனாய்வுத் தேர்வுகள் மூன்றிலும் கூடுதல் நேரத்துக்கும் வாசித்துக்காட்டும் வசதிக்கும் விண்ணப்பத்திலேயே ஒரு கட்டம் வேண்டும். சுற்றறிக்கைக்கும் விண்ணப்பக் கட்டத்துக்கும் ஒன்றிய அரசின் ஒரு ரூபாய்கூடத் தேவைப்படாது.