ஜன்னலோரத்துப் பூச்செடிகள்

சட்டசபைக் குழு ஐயாமார்களே, நம் மாசசூசெட்ஸில் சட்டம் வந்துவிட்டதாம். பெண்களும் பிள்ளைகளும் ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் ஆலையில் நிற்கக் கூடாதாம். அண்ணன்தான் பத்திரிகையைப் படித்துச் சொன்னார். எனக்குக் கண் மங்கிப் பல வருஷம் ஆகிறது. இது 1874. இதையே கேட்டு நான் மனுவில் கையெழுத்துப் போட்டது 1845. "சந்தோஷம்தானே?" என்று அண்ணன் கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

29 வருஷம். அன்று லோவல் ஆலையில் என் பக்கத்துத் தறியில் நின்ற பெண்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தியைச் சொல்ல முடியும்? ஊருக்கு அனுப்பி வைத்தார்களே, நெஞ்சுச் சளியோடு, வண்டியில் சாய்ந்தபடி, அவர்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

நீங்கள் எழுதியது பூச்செடிகளைப் பற்றி. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

1845 பிப்ரவரியில் பாஸ்டனில், சட்டசபைக் குழுவாக உட்கார்ந்து, விசாரணை வைத்தீர்கள். 2,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்ட மனுக்கள் உங்கள் மேஜையில் கிடந்தன. எங்களைப் போல ஆலையில் நின்ற சேரா பாக்லி வந்து பேசினாள். எலிசா ஹெமிங்வே தன் நெசவுக் கூடத்தில் 293 சின்ன விளக்கும் 61 பெரிய விளக்கும் எரிகின்றன என்று எண்ணியே சொன்னாள். 150 பேர் மூச்சுவிடும் அறையில் அத்தனை விளக்கும் எரிந்தால் மிச்சம் என்ன காற்று இருக்கும் என்று ஒருவராவது யோசித்தீர்களா? என் கண்ணைக் கேளுங்கள், அது சொல்லும்.

பிறகு மார்ச் 1, சனிக்கிழமை, லோவலுக்கே வந்தீர்கள். நான் அன்று தறியில்தான் நின்றிருந்தேன். நீங்கள் வாசலில் நட்ட மரங்களைப் பார்த்தீர்கள், புல்தரையைப் பார்த்தீர்கள், ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருந்த பூத்தொட்டிகளைப் பார்த்தீர்கள். எல்லாம் தொழிலாளியின் ஆரோக்கியத்துக்கும் சௌகரியத்துக்கும் என்றே அமைந்திருக்கிறது என்று அறிக்கையில் எழுதிவிட்டீர்கள்.

எங்கள் கூடத்தில் அந்தத் தொட்டிகளை வைத்தது யார் தெரியுமா? நாங்கள்தான். வீட்டை விட்டு வந்த பெண்கள், பச்சையாக ஏதாவது கண்ணில் படட்டுமே என்று, ஊரிலிருந்து கிளை ஒடித்துக் கொண்டுவந்து நட்டவை அவை. செடிகள் செழிப்பாகத்தான் இருந்தன. ஏன் இருக்காது? ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். வெளிக்காற்று பட்டால் பாவு நூல் காய்ந்து அறுந்துபோகும், அதனால் அறைக்குள் எப்போதும் ஈரமும் புழுக்கமும் வேண்டும். அது நூலுக்கு ஒத்துக்கொண்டது, செடிக்கும் ஒத்துக்கொண்டது. எங்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. செடியைப் பார்த்தவர்கள் கையை இன்னும் ஒரு சாண் நீட்டி ஜன்னலைத் தள்ளிப் பார்த்திருக்கக் கூடாதா? எங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரு சின்ன ஆறுதலை எங்களுக்கே எதிர்சாட்சியாக ஆக்கிவிட்டீர்களே!

தறியில் ஓடம் மாற்றும்போது நாங்கள் என்ன செய்வோம் என்று நின்று பார்த்தீர்களா? ஊடை நூலின் நுனியை ஓடத்தின் சின்னத் துளைக்கு வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கு விரல் போதாது. துளையில் உதட்டை வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். நூலோடு பஞ்சும் உள்ளே போகும். ஒரு நாளில் எத்தனை தடவை? எண்ண யாருக்கு நேரம்? முதலில் இரண்டு தறி பார்த்தேன், பிறகு மூன்று, பிறகு நான்கு. தறி கூடக் கூடத் துணிக்கான கூலி இறங்கியது. எங்களை விரட்டி அதிகத் துணி எடுத்த மேஸ்திரிக்குத் தனியாகப் பரிசுப் பணம்.

நேரத்தைப் பற்றி நாங்கள் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் வேலை 13 மணி 31 நிமிடம் என்று உங்கள் அறிக்கையின் அட்டவணையே சொல்கிறது. சொல்லிவிட்டு, இதற்குப் பரிகாரம் எங்கள் கையில் இல்லை என்றீர்கள். சட்டம் போட்டால் தொழில் வேறு மாநிலத்துக்குப் போய்விடும், தொழிலாளி விவரம் தெரிந்தவள், முதலாளியிடம் அவளே பேசிக்கொள்வாள் என்றீர்கள். காலம் மாறும், மனிதர்களுக்குப் பணத்தாசை குறையும், அப்போது சரியாகும் என்றீர்கள்.

முதலாளியிடம் பேசுவதா? வருஷம் முடியாமல் விலகினால், மேஸ்திரியை எதிர்த்துப் பேசினால், நற்சான்றுச் சீட்டு கிடையாது. அந்தச் சீட்டு இல்லாதவளுக்கு லோவலில் எந்த ஆலைக் கதவும் திறக்காது. இந்த நிலையில் நான் ஒப்பந்தம் பேச விவரம் உள்ளவள். ஓட்டுப் போட மட்டும் விவரம் இல்லாதவள்! என் கூலியில் படித்த அண்ணனுக்கு ஓட்டு உண்டு, எனக்குக் கிடையாது. ஆனாலும் உங்கள் குழுவின் தலைவர் நவம்பர் தேர்தலில் நின்றபோது நாங்கள் சும்மா இருக்கவில்லை. லோவலின் சட்டசபை உறுப்பினர், லோவல் பத்திரிகை முதலாளி, தோற்றுப்போனார். அதனால் என்ன? அடுத்த வருஷம் லோவலில் மட்டும் 4,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டோம். பதில் மாறவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் 1847-லேயே 10 மணி நேரச் சட்டம் போட்டார்கள். அங்கே வேலை செய்த என் தங்கை எனக்கு எழுதிய கடிதத்தில் அவ்வளவு குதூகலம். அடுத்த கடிதம் நாலு வரிதான். தொழிலாளி சம்மதித்து எழுதிக் கொடுத்தால் கூடுதல் நேரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு ஓட்டை. காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போடாதவர்களை வெளியே அனுப்பினார்கள். தங்கை போடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூலிக் குறைப்பையும் விடுதிக் கட்டண உயர்வையும் எதிர்த்து எனக்கு முன்னால் வந்த பெண்கள் 1834-லும் 1836-லும் தெருவில் இறங்கினார்கள். இரண்டாவது தடவை, நாங்கள் அடிமைகளாக மாட்டோம் என்று பாடிக்கொண்டு போனார்களாம். நானும் அந்தச் சொல்லை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது வாய் கூசுகிறது. நாங்கள் நெய்த பஞ்சு தெற்கே சாட்டையடிக்குக் கீழே பறிக்கப்பட்டது. லோவலில் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே மனிதர்களுக்கு உடுத்தவென்று திரும்பிப் போனது. எனக்காவது மனு எழுதக் கை இருந்தது.

இப்போது வந்திருக்கும் இந்தச் சட்டத்திலும் முதலாளி வேண்டுமென்றே மீறினால்தான் குற்றமாம். அண்ணன் அந்த இடத்தைச் சட்டென்று படித்துக் கடந்துவிட்டார். நான் திரும்பப் படிக்கச் சொன்னேன். வேண்டுமென்றே! எந்த முதலாளி ஒப்புக்கொள்வான்?

அண்ணி என் அறை ஜன்னலில் ஒரு பூத்தொட்டி வைத்திருக்கிறாள். நல்லவள், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து வைத்தாள். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கிறேன். குளிர்காலத்திலும்தான். இருமல் கேட்டு அவள் ஓடிவந்து சாத்துவாள். அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மறுபடி திறப்பேன்.