ஜோல்னாப் பையில் காமிரா

சென்ற பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவத்துக்கு என் நாத்தனார் பெண் காமிராவும் கையுமாகக் கிளம்பினாள். விலை அரை லட்சத்துக்கு மேல். பையிலும் வாரிலும் கொட்டை எழுத்தில் கம்பெனிப் பெயர்! "திருடனுக்கு நீயே விலாசம் எழுதிக் கொடுக்கிறாயேடி!" என்றேன்.

காமிராவைத் துண்டில் சுற்றி, வாயில் 'ஜிப்' தைத்த பழைய ஜோல்னாப் பையில் போட்டோம். அதைப் பூணூல் மாதிரி குறுக்கே மாட்டி, பையை முன்பக்கம் வைத்துக்கொண்டாள். மாட வீதி நெரிசலில் அவள் படம் எடுக்கும்போது, பின்னால் நான் காவல். ஓட்டலில் காப்பி சாப்பிடும்போது மேஜைமேல் வைக்கவில்லை, மடியில்தான் இருந்தது.

இன்னொன்று: காமிராவின் அடியில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். அதைக் குறித்து, ரசீதோடு வீட்டில் வையுங்கள். களவு போனால் போலீஸில் புகார் கொடுக்கவும், கிடைத்தால் நம்முடையதே என்று சொல்லவும் அதுதான் சாட்சி.

அன்றிரவே படங்களுக்கு நகல் எடுத்து வைத்தாள். ஒன்றில் என் மாமியார் சுவாமியைக் கண்டு கைகூப்பி நிற்கிறார். ஆவணியில் அவர் காலமாகிவிட்டார். காமிரா போனால் கடையில் வாங்கலாம்; அந்தப் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?