ஸ்டார் வேண்டாம், ஜூனியர் வேணும்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். சென்னைக்குன்னு ஒரு உள்ளரங்க ஃபுட்பால் டீம் இருந்தது, அதுல பிரேசிலோட ஃபால்காவோ ஆடினார்னு உங்களுக்குத் தெரியுமா? ஃபுட்சாலின் உலகச் சிறந்த வீரராக நாலு முறை தேர்வானவர், ரெண்டு உலகக் கோப்பை ஜெயிச்சவர். நம்ம ஊருக்காக ஆடினார், நம்ம ஊர்லயே ஆடினார். ஆனா இன்னைக்கு ஹாஸ்டல்ல கேட்டா முக்கால்வாசி பேர் "சும்மா அடிச்சு விடாத"ன்னுதான் சொல்வாங்க.

நடந்தது இதுதான். 2016 ஜூலை 15 முதல் 24 வரை பிரீமியர் ஃபுட்சால்னு ஒரு லீக். ஆறு டீம், ரெண்டு ஊர்: சென்னையும் கோவாவும். சென்னை ஆட்டங்கள் பெரியமேடு ஜவஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கத்துல. படூர்ல பஸ் ஏறினா 30 கி.மீ.க்கு மேல, அவ்வளவுதான். மும்பைக்கு ரயன் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொச்சிக்கு மிச்செல் சல்காடோ, கொல்கத்தாவுக்கு கிரெஸ்போ. கோவாவுக்கு வந்த ரொனால்டினோ பெங்களூருக்கு எதிரா ஒரே ஆட்டத்துல அஞ்சு கோல் போட்டார். அப்புறம் தொடர் பாதியில இருக்கும்போதே கிளம்பிட்டார், அவர் இடத்துக்கு கஃபு வந்தார். ஏ.ஆர். ரகுமான் இசையில தீம் பாட்டு கூட உண்டு. இறுதி ஆட்டத்துல கொச்சியை பெனால்டியில ஜெயிச்சு மும்பை கோப்பையைத் தூக்கியது.

2017-ல் ரெண்டாவது சீசன். நம்ம டீமுக்கு 'சென்னை சிங்கம்ஸ்'னு புதுப் பெயர். ஆனா அந்த சீசனுக்கு அறிவிச்ச ஊர்கள் மும்பை, பெங்களூரு, துபாய். டீம் பேர்ல சென்னை இருக்கு, ஆட்டம் நடக்குற லிஸ்ட்ல சென்னை இல்ல. மூணாவது சீசன் வரவே இல்லை.

ஏன் நின்னு போச்சுன்னு கேட்டா பல காரணம் சொல்லலாம். அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு அந்த லீக்கை அங்கீகரிக்கவே இல்லை. இவ்வளவு பெரிய பெயர்களைக் கூட்டிட்டு வர்றது சின்னச் செலவும் இல்லை. ரெண்டும் உண்மைதான். ஆனா எனக்குப் பெருசாத் தெரியிற காரணம் வேற. அந்த டீம் போட்டிக்காகச் சேர்ந்தது, போட்டி முடிஞ்சதும் கலைஞ்சது. "போன வருஷம் அண்ணன் ஆடினான், இந்த வருஷம் நான்"னு சொல்ல அடுத்த வரிசையில யாரும் நிக்கல. ஒரு டீமோட முதல் ரெண்டு மூணு சீசன்ல கோப்பையை விட முக்கியமான வேலை அந்த வரிசையை உருவாக்குறதுதான்.

அதே 2016-லேயே இதுக்கு எதிர் உதாரணமும் இருக்கு. பிரீமியர் ஃபுட்சால் முடிஞ்ச சில வாரத்துல, செப்டம்பர்ல, கொலம்பியாவில் ஃபுட்சால் உலகக் கோப்பை. ஃபால்காவோ இருந்த பிரேசிலை நாக்-அவுட்ல வெளியே அனுப்பினது எந்த நாடு? ஈரான். அந்தத் தொடர்ல ஈரானுக்கு மூணாவது இடம். 1999-ல் ஆரம்பிச்ச ஆசியக் கோப்பையில 2016 வரைக்கும் நடந்த 14 தொடர்ல 11 அவங்களுக்குத்தான். உள்ளூர் லீக் வருஷா வருஷம் நடக்குற நாடு அது. நம்ம நாட்டுல கூட்டமைப்பு நடத்துற ஃபுட்சால் கிளப் சாம்பியன்ஷிப் தொடங்கினதே 2021 நவம்பர்ல, டெல்லியில். இந்திய ஃபுட்சால் அணி முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடினது 2023 அக்டோபர்ல, தஜிகிஸ்தானில். நாம எவ்வளவு பின்னாடி இருக்கோம்னு புரியுதா?

ஈரான் தூரம்னா வியாசர்பாடிக்கு வாங்க. அங்க எந்த ஸ்டாரும் இறங்கி வரல. தெருப் பசங்களைச் சேர்த்து, கிடைச்ச மைதானத்துல வருஷக்கணக்கா விடாம பயிற்சி கொடுத்தாங்க. அங்கிருந்து கிளம்பின நந்தகுமார் சேகர் இன்னைக்கு இந்திய அணி வரை போயிருக்கார். 2023 டூரண்ட் கோப்பையில மோகன் பகானுக்கு எதிரா ஈஸ்ட் பெங்காலோட வெற்றி கோல் அவரோடது. பத்து நாள் திருவிழா கொடுக்காததை, தினசரி சாயங்காலம் கொடுத்திருக்கு.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

ஓஎம்ஆர்ல நாவலூர்ல இருந்து கேளம்பாக்கம் வரை போனா எத்தனை டர்ஃப் கண்ணுல படுதுன்னு பாருங்க. ராத்திரி 11 மணிக்கும் லைட் எரியுது. பத்துப் பேர் ஜிபே-ல காசு பிரிச்சு ஒரு மணி நேரம் ஆடுறோம். ஆர்வம் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா காலேஜ் டீம்னு வரும்போது என்ன ஆகுது? செகண்ட் இயர்ல நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து ஆரம்பிக்கிறாங்க. தேர்ட் இயர்ல ஜெர்ஸி அடிக்கிறாங்க. ஃபைனல் இயர்ல ஒரு கோப்பை. அப்புறம் பிளேஸ்மென்ட், ஃபேர்வெல், முடிஞ்சது. ஜெர்ஸியில அவங்க பேர் இருக்கு, டீம் இல்லை. பிரீமியர் ஃபுட்சால் ரெண்டு சீசன்ல முடிஞ்ச மாதிரி, நம்ம டீம் ஒரு பேட்ச்சோட முடியுது.

ஃபுட்சால் நம்ம காலேஜ்களுக்குப் பொருந்துற அளவு வேற எந்த ஆட்டமும் பொருந்தாது. கணக்குப் போட்டுப் பாருங்க. 105-க்கு 68 மீட்டர் ஃபுட்பால் மைதானத்துல ஒரு ஆளுக்குச் சுமார் 325 சதுர மீட்டர். 40-க்கு 20 ஃபுட்சால் கோர்ட்ல 80 தான். இடம் குறையக் குறைய பந்து அடிக்கடி உங்க கால்ல வரும், முடிவு சீக்கிரம் எடுத்தாகணும். பந்து கொஞ்சம் சின்னது, அதிகம் எகிறாது. மாற்று ஆட்டக்காரரை எத்தனை தடவை வேணும்னாலும் இறக்கலாம். 1930-ல் மான்டிவீடியோ ஒய்.எம்.சி.ஏ.வில் சேரியானிங்கிற ஆசிரியர் இதை உருவாக்கினதே, பெரிய மைதானம் இல்லாம கூடைப்பந்துக் கோர்ட்ல ஆடத்தான். நம்மகிட்டயும் கோர்ட் இருக்கு. கோடு போட பெயின்ட்டும் ரெண்டு கோல் போஸ்ட்டும்தான் பாக்கி.

என் யோசனை இது. நம்ம பக்கத்துல எட்டு காலேஜ் சேர்ந்தா ஒவ்வொரு டீமும் மத்த ஏழு டீமோட ஒரு தடவை ஆட 28 ஆட்டம். சனிக்கிழமைக்கு நாலு ஆட்டம்னா ஏழு வாரம். கடிகாரத்தை நிறுத்தாம பாதிக்கு 20 நிமிஷம் வெச்சா, ஒரே கோர்ட்ல நாலு மணி நேரத்துக்குள்ள நாலு ஆட்டமும் முடிஞ்சிடும். பரிசுத்தொகை வேண்டாம். சினிமா கெஸ்ட் வேண்டாம். மூணே விதி போதும். ஒண்ணு, ஒவ்வொரு டீம்லயும் மூணு ஃபர்ஸ்ட் இயர் கட்டாயம், பெஞ்ச்ல இல்ல, கோர்ட்ல. ரெண்டு, பெண்கள் டீம் இருக்குற காலேஜுக்குத்தான் ஆண்கள் டீமுக்கு இடம். 2018-லயும் 2023-லயும் தேசிய பெண்கள் கால்பந்துப் பட்டம் ஜெயிச்ச மாநிலம் நம்மது. ஹாஸ்டல் கேட் நேரத்தைக் காரணம் காட்டி அவங்களை வெளியே வைக்காதீங்க, ஆட்டத்தைப் பகல்ல வைங்க. மூணு, ஸ்கோர் புக், ரெஃப்ரி, கோர்ட் புக்கிங் எல்லாம் செகண்ட் இயர் கையில. அடுத்த வருஷம் யார் நடத்துவாங்கன்னு இந்த வருஷமே தெரிஞ்சிருக்கணும்.

"ஒரு பெரிய ஆளைக் கூப்பிட்டாத்தான் கூட்டம் வரும், ஸ்பான்சர் வருவான்"னு சில பேர் சொல்வாங்க. வரும். ரொனால்டினோவுக்கும் வந்தது. ஆளு போனதும் என்ன மிச்சம்னுதான் நான் கேக்குறேன். அதே காசுல நாலு நல்ல பந்தும், ஒரு சீசன் முழுக்க கோர்ட்டும் வாங்கலாம்.

ஜெயிக்க முதல் சீசன்ல வேண்டாம். முதல் சீசன் மோசமாத்தான் இருக்கும். ஆஃப்சைடு கேட்டு ஒருத்தன் கத்துவான், ஃபுட்சால்ல ஆஃப்சைடே கிடையாதுன்னு இன்னொருத்தன் சொல்லித் தருவான். ரெண்டாவது சீசன்ல பாதி ஆர்வம் வடிஞ்சிடும். மூணாவது சீசன்ல, முதல் ஆட்டத்தைப் பார்க்காத ஒரு ஜூனியர் வந்து "அண்ணா, பிராக்டிஸ் எத்தனை மணிக்கு?"ன்னு கேட்டா, அன்னைக்குத்தான் அது டீம்.

நீங்க ஃபைனல் இயர்னா, போறதுக்குள்ள ஒரு ஜூனியரோட பேரை ஸ்கோர் புக்ல எழுதிட்டுப் போங்க. நீங்க ஃபர்ஸ்ட் இயர்னா, கூப்பிடட்டும்னு காத்திருக்காதீங்க. சனிக்கிழமை ஷூவோட வாங்க.